பதினேழாவது பெயர்

முருகையாவின் பெயரைச் சொல்லத்தான் சற்குணம் கண்ணை மூடினாள். உதடுவரை வந்த பெயர் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு வருஷமாய் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் சொன்ன பெயர், தூத்துக்குடியில் புருஷனின் டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மீதி நாட்களில் சாயர்புரத்து வீட்டில் சோறு வடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், ஆண்டவரே முருகையா, என்று ஒரு மூச்சில் வந்துவிடும் பெயர். இன்றைக்கு வரவில்லை. கண்ணைத் திறந்தாள். மதுரையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வராந்தா, நீல நிற இரும்பு நாற்காலிகள், எதிரே பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடிக் கதவு. மணி ஒன்பதரை. பக்கத்து நாற்காலியில், தூத்துக்குடியில் அவள் புருஷனுக்கு அடுத்த மெஷினில் படுக்கிற முருகையாவின் பெண்சாதி பேச்சித்தாய் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் இரண்டு வீட்டுக்கும் ஒரே போன்தான் வந்தது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கிட்னி கிடைத்திருக்கிறது, பி பாசிட்டிவ், உடனே கிளம்பி வாருங்கள் என்று. சாயர்புரத்திலிருந்து இவர்களும் ஒட்டப்பிடாரத்திலிருந்து அவர்களும் ஆளுக்கொரு வாடகைக் காரில் பறந்து வந்து, ஆஸ்பத்திரி வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்தபிறகுதான் புரிந்தது. அந்த ஒருங்கிணைப்பாளர் பெண், இருபத்தெட்டு வயசு இருக்கும், கழுத்தில் அட்டை தொங்க, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் ஆனால் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: "நமக்கு வந்திருக்கிறது ஒரு கிட்னிதாம்மா. லிஸ்ட்ல முருகையா முதல்ல இருக்காரு. அவர் ரத்தம் கிராஸ் மேட்ச்ல ஒத்துவந்தா அவருக்குத்தான். ஒத்துவரலேன்னா அடுத்து உங்க சாருக்கு. ரிசல்ட் வர மத்தியானம் ஆயிரும்." முருகையாவின் ரத்தம் ஒத்துவரவில்லையென்றால். அந்த ஒரு வார்த்தைதான் காலையிலிருந்து சற்குணத்தின் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது.

ஜெபம் என்பது அவளுக்கு ஒன்றும் பெரிய வித்தையாக இருந்ததில்லை. சத்துணவுக் கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவள் அவள். எதையும் வரிசைப்படிதான் செய்வாள். ஒரு கோடு போட்ட நோட்டு, பக்கத்துக்குப் பத்துப் பெயர். முதலில் பெயரைச் சொல்ல வேண்டும், வாய்விட்டு. அப்புறம் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும், அந்த ஆளின் முகம் வருகிறவரைக்கும். முகம் வந்தபிறகுதான் கேட்கிறதைக் கேட்க வேண்டும். முகம் வராமல் கேட்டால் அது மனுப் படிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சொல்லிக்கொடுப்பாள். கடைசியில் உம்முடைய சித்தம் என்று விட்டுவிட வேண்டும். கோயிலில் புதன்கிழமை மத்தியானம் மன்றாட்டு ஜெபம் அவள்தான் நடத்துவாள். வெளிநாட்டுக்குப் போக விசா, தேறாத கணக்குப் பாடம், குடிக்கிற மருமகன், காணாமல்போன வெள்ளாடுகூட அந்த நோட்டில் உண்டு. பேச்சித்தாய் கேட்டதும் இப்படித்தான். "அக்கா, சாருக்கு ஜெபம் பண்ணும்போது எங்க வீட்டு ஆளையும் ஒரு வார்த்தை சொல்லிவைங்க. நாங்க சாமி கும்பிடுறவங்கதான், ஆனாலும் சொன்னாக் கேக்கும்லா?" கேக்கும் பேச்சி, என்று அன்றைக்கே பதினேழாவது பெயராக எழுதினாள். முப்பத்துநாலு வயசு, லோடு ஆட்டோ, ஒன்றாங்கிளாஸ் படிக்கிற ஒரு பெண் பிள்ளை. அவனுக்கு என்ன கேட்பது? மாற்றுக் கிட்னி சீக்கிரம் கிடைக்கட்டும் என்று கேட்டாள். தன் புருஷனுக்கும் அதையேதான் கேட்டாள், முதல் பக்கம், முதல் பெயர், ஞானசிகாமணி. ஒரே வாயால், ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் ஒன்றைக் கேட்டிருக்கிறோமே, அந்த ஒன்று ஒன்றாகவே வந்து நின்றால் என்ன செய்வோம் என்று இரண்டு வருஷத்தில் ஒரு நாள் தோன்றவில்லையே. தோன்றியிருக்க வேண்டாமா? கத்தரிக்காய் கூறுபோடுகிறவளுக்குத் தெரியும், ஒரு கூறை இரண்டு பேருக்கு விற்க முடியாது என்று. ஆண்டவரிடம் மட்டும் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளா?

கண்ணாடிக் கதவு திறந்தது. இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். ஒரு ஆள் வாளியோடு போனான், அவ்வளவுதான். டெட்டால் வாசம். சற்குணம் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உள்ளே வார்டில் அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார், ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு. பி.டி. மாஸ்டர் ஞானசிகாமணி, மைதானத்தின் இந்த மூலையிலிருந்து விசில் ஊதினால் அந்த மூலையில் பையன்கள் நட்டுவைத்த மாதிரி நிற்பார்கள். இப்போது ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு மடக்கு போனால் நெஞ்சில் கட்டிக்கொள்ளும். போன சித்திரையில் அவர் குளித்து வரும்போது முகத்தில் வழிகிற தண்ணீரை நாக்கை நீட்டி நக்கினதை அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. அதை மட்டும் இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூட. தன்னுடையதைக் கொடுத்திருப்பாள், சர்க்கரை இருக்கிறது ஆகாது என்றுவிட்டார்கள். மகள் ஜாய்ஸ் நான் தருகிறேன் அப்பா என்று நின்றாள்; கல்யாணமாகி ஆறு மாசம் ஆன பிள்ளையிடம் வாங்குவதற்கு நான் செத்துப்போகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்படியானால் யாரிடம் வாங்குவது? முகம் தெரியாத யாரிடமோ. மாற்றுக் கிட்னி சீக்கிரம் கிடைக்கட்டும் ஆண்டவரே. அதற்கு என்ன அர்த்தம்? யாரோ ஒருத்தன் மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும், மழை பெய்திருக்க வேண்டும், ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், அதுதானே அர்த்தம்? இல்லை இல்லை, எப்படியும் போகிற உயிர், அதில் ஒன்று நமக்கு என்றுதானே கேட்டோம். கேட்டோமா? அவ்வளவு விவரமாகக் கேட்டோமா? சீக்கிரம் என்றுதானே கேட்டோம். சீக்கிரம் என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"அக்கா," என்றாள் பேச்சித்தாய், தலையைச் சுவரிலிருந்து எடுக்காமலே. "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்களேன். சத்தமா. எனக்குப் படபடன்னு வருது." இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். பேச்சி வழக்கம்போல் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, சற்குணம் கை வைப்பதற்கு வசதியாகக் குனிந்து காத்திருந்தாள். கை வைத்தாள். தலை சூடாக இருந்தது, மல்லிகைப்பூ காய்ந்த வாசம். ஆண்டவரே, என்றாள் சற்குணம். அடுத்தது ஓட ஆரம்பித்தது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, இரண்டு குடும்பத்தையும் கண்ணோக்கிப் பாரும், இரண்டு பேரையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம், டாக்டர்களுக்கு ஞானத்தைத் தாரும், எது நல்லதோ அதைச் செய்யும். ஒரு முகமும் வரவில்லை. இருபத்தைந்து வருஷப் பழக்கம் வாயை ஓட்டிக்கொண்டு போனது; உள்ளே இன்னொருத்தி உட்கார்ந்து, ஒத்துவரக் கூடாது, அவன் ரத்தம் ஒத்துவரக் கூடாது, ஒத்துவரக் கூடாது என்று தட்டிக்கொண்டே இருந்தாள். ஆமென் என்றதும் பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்பத்தான் நெஞ்சு லேசாச்சு." சற்குணம், முகம் கழுவிட்டு வாரேன், என்று எழுந்துவிட்டாள். அந்த முகத்தின் பக்கத்தில் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார முடியாது.

மாடிப்படித் திருப்பத்தில் ஜன்னல் ஒன்று இருந்தது. அங்கே நின்றாள். ஜெபத்தின் மேல் சந்தேகம் வந்தது இதுதான் முதல் தடவையா என்றால், இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கிரேனாப்பூவின் குழந்தை, எட்டு மாசத்தில் பிறந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் பத்து நாள் கிடந்தது. பத்து நாளும் சற்குணம் மூன்று வேளையும் முழங்காலில் நின்றாள், ஒரு வேளை சாப்பாட்டை விட்டாள், பத்தாம் நாள் குழந்தை போய்விட்டது. அடக்கத்துக்குப் போகக் கால் வரவில்லை. என்ன ஜெபம் பண்ணினீங்க என்று பெற்றவள் கேட்டுவிட்டால்? போனாள். கிரேனாப்பூ அவளைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு, "தெனமும் யாராவது ஒருத்தர் எம் புள்ள பேரைச் சொல்லுதாங்கன்னு நினைச்சுத்தான் அங்க படுத்துக் கிடந்தேன் சித்தி," என்றாள். பெயரைச் சொல்வது. அதுதான் வேலையா? அவருக்குத் தெரியாததையா நாம் சொல்லிவிடப் போகிறோம்? முருகையாவுக்குக் கிட்னி போனது ஆண்டவருக்குத் தெரியாதா, ஒட்டப்பிடாரத்தில் எந்தத் தெரு என்பதுகூடத் தெரியும். அப்படியானால் நோட்டு எதற்கு, முழங்காலில் காய்ப்புக் காய்த்தது எதற்கு? ஒருவேளை சொல்கிறவளுக்காகத்தானோ. தினமும் ஒருத்தன் பெயரைச் சொன்னால் அவன் மேல் பொறாமைப்பட முடியாமல் போகும், அவன் கெட்டுப்போவதை ஆசைப்பட முடியாமல் போகும் என்பதற்காகவோ. இரண்டு வருஷம் சொல்லியும் ஆசைப்படுகிறேனே. இன்றைக்குக் காலையில் காரை விட்டு இறங்கி, வாசலில் அவனைப் பார்த்ததும் என் மனசில் முதலில் வந்தது என்ன? இவன் எதற்கு வந்தான்? அதுதான் வந்தது. அவன் சிரித்துக்கொண்டே, சார், நீங்களுமா, என்று அவர் கையைப் பிடித்தான்.

கீழ்ப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் ஏறி வந்தாள், ஐம்பது வயசு இருக்கும், வெளுத்த சுங்கடிச் சேலை, ஒரு கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு ஜீன்ஸ் பேன்ட், ஒரு ஷூ. ஒரு ஷூதான். பின்னாலேயே வாட்ச்மேன் ஓடிவந்து, "அம்மா, இந்தப் பக்கம் இல்ல, உங்க ஆளுங்க கீழதான் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காங்க," என்று மெதுவாகத் திருப்பினான். அந்தப் பெண் திரும்பும்போது சற்குணத்தைப் பார்த்து, தெரிந்தவளிடம் கேட்பதுபோல், "இன்னொண்ணு எங்க போச்சுன்னு தெரியலம்மா," என்றாள். செருப்புச் சத்தம் இறங்கி இறங்கி நின்றுவிட்டது. யாரென்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாதாம், ஆனால் அந்தக் கிட்னி இந்த அம்மாவின் பிள்ளையுடையதுதான் என்று சற்குணத்துக்குத் தெரிந்துபோனது, படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் நூற்றுப் பத்துப் பெயர் இருக்கிறது. காலையிலிருந்து இரண்டு பெயரை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இழுத்துக்கொண்டிருந்தோமே, இந்த அம்மாவை நினைத்தோமா? பெயர் தெரியாது. ஆனால் பெயரில்லாமலே முகம் வந்துவிட்டது, இத்தனை வருஷத்தில் அப்படி வந்ததே இல்லை. ஆண்டவரே, அந்த ஷூ, என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அழுகை வந்தது. அழுகையோடு அழுகையாக, அடைத்துக்கொண்டிருந்தது உடைந்து வெளியே வந்தது: எனக்கு அவர் வேணும். முருகையா ரத்தம் ஒத்துவரக் கூடாதுன்னு கேட்டேன். பேச்சி தலையில கை வச்சுக்கிட்டே கேட்டேன். உமக்குக் கேட்டிருக்கும். இதுதான் நான், வேற நல்ல ஜெபம் ஒண்ணும் இன்னைக்கு எங்கிட்ட இல்ல. சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். எங்கோ ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்து முருகையா என்று வாய் தானாகச் சொன்னது. முகம் வந்தது, மெஷினில் படுத்துக்கொண்டு போனில் மகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிற முகம். அவனுக்குக் கொடும், என்றாள். முழு மனசோடு சொன்னாளா? அரை மனசுகூட இருக்காது. ஆனால் பொய்யாகச் சொல்லவில்லை. அந்தக் காலே அரைக்கால் மனசையும் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று வைத்துவிட்டு எழுந்தாள்.

ரிசல்ட் வந்தபோது மணி ஒன்று நாற்பது. ஒருங்கிணைப்பாளர் பெண் இந்த முறை கண்ணைப் பார்த்தாள், பேச்சியின் கண்ணை, அதிலேயே தெரிந்துபோனது. "முருகையாவுக்கு ஒத்துவரலம்மா. அவருக்கு முன்னாடி ரத்தம் ஏத்தியிருக்கீங்கல்ல? சில பேருக்கு அதனால உடம்புல எதிர்ப்பு உண்டாயிரும். இன்னொருத்தர் கிட்னி அவருக்குப் பொருந்தலாம். இது வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு." அப்புறம் சற்குணத்திடம், "சாரை மூணு மணிக்குத் தியேட்டருக்கு எடுத்துருவாங்க. கையெழுத்துப் போட வாங்க." சந்தோஷம் ஒரு நொடி பொங்கியது, அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி, உடனே கருகுகிற வாசமும் வந்தது. ரத்தம். போன வருஷம் ஐப்பசியில் முருகையாவுக்கு ரத்தம் குறைந்து மூச்சு வாங்கினபோது, பி பாசிட்டிவ் வேண்டுமென்று கோயில் வாலிபர் சங்கத்துக்குப் போன் போட்டு இரண்டு பேரை வேனில் ஏற்றி அனுப்பியது யார்? அவள்தான். அவனுக்காக ஜெபித்து ஜெபித்து, அந்த ஜெபத்தின் சூட்டிலேயே ஓடியாடி ஏற்பாடு பண்ணின ரத்தம். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு வேண்டாம் என்கிறது. நல்லதுக்குச் செய்தது யாருக்கு நல்லதாக முடிந்தது? என் காலைநேரத்துக் கெட்ட ஜெபத்துக்கு என் போன வருஷத்து நல்ல ஜெபமா கைகொடுத்தது? இப்படியா ஜெபத்தைக் கேட்பீர் ஆண்டவரே? ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருங்குகிற துணி மாதிரி புத்தி முறுக்கிக்கொண்டது. கையெழுத்துப் போட்டாள். எத்தனை இடத்தில் போட்டாள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது பேச்சித்தாய் அதே நாற்காலியில், முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கக்கா," என்றாள். "யாருக்குக் கேட்டீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் பேச்சி. முருகையா ரத்தம் ஒத்துவரக் கூடாதுன்னே கேட்டேன், உன் தலையில கை வச்சுக்கிட்டு. அப்புறம் முருகையாவுக்குக் கேட்டேன். ஆனா முதல்ல கேட்டது அதுதான்."

பேச்சித்தாய் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சற்குணம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, அடிக்கட்டும், வையட்டும், எதையாவது செய்யட்டும் என்று காத்திருந்தாள். திரும்பாமலே பேச்சி சொன்னாள்: "காலையில கார்ல இருந்து இறங்கினதும், இருக்கன்குடி ஆத்தா, சாருக்கு இன்னைக்குக் காய்ச்சல் வந்து ஆபரேஷன் ஆகாதுன்னு திருப்பி அனுப்பிருன்னு நான் கேட்டேன். வாசல்ல உங்களைப் பாத்தப்புறம் கேட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஆத்தா காது குடுக்கல." அது சிரிப்பா அழுகையா என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. சற்குணம் ரத்தத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், அன்றைக்கு நான் அந்தப் பையன்களை அனுப்பாமல் இருந்திருந்தால் என்று. பேச்சி சட்டென்று திரும்பி, "அந்த ரத்தம் ஏறாம இருந்தா அந்த ஐப்பசியிலயே எம் பொண்ணு அப்பா இல்லாத புள்ளையாயிருப்பா. அதைப் பேசாதீங்க," என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அந்தக் கோபம் சற்குணத்துக்கு வேண்டியிருந்தது.

நாலு பேரும் வார்டு வாசலில் கூடினார்கள், ஞானசிகாமணி ஸ்ட்ரெச்சரில். முருகையா சட்டையை மாட்டியிருந்தான், கையில் ஊசி குத்தின இடத்தில் பஞ்சு. வெள்ளிக்கிழமை மெஷினுக்கு நேரத்தோடு போக வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும் என்று அவசரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டான். ஞானசிகாமணிக்கு அவனைப் பார்க்க முடியவில்லை, மைதானம் முழுக்கக் கேட்கிற குரல், "முருகா, நான்..." என்று உடைந்துவிட்டது. "விடுங்க சார்," என்றான் முருகையா. "நல்லபடியா முடிஞ்சு, டாக்டர் குடிக்கலாம்னு சொன்ன அன்னைக்கு, எனக்கும் சேத்து ஒரு செம்புத் தண்ணி குடிச்சுருங்க. குடிச்சுட்டு போன் போடுங்க, எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லணும்." அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். நர்ஸ் வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

முருகையாவும் பேச்சியும் லிஃப்ட் பக்கம் நடந்தார்கள். சற்குணம் வராந்தாவில் தனியாக நின்றாள். இப்போது ஜெபிக்க வேண்டும், இதற்குத்தானே இரண்டு வருஷம். தியேட்டருக்குள் போகிற புருஷனுக்காக ஜெபிக்கத் தெரியாதா அவளுக்கு? எத்தனை பேர் புருஷனுக்காக ஜெபித்திருக்கிறாள். ஆண்டவரே என்றாள். வரவில்லை. ஒரு முகமும் வரவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை, களைத்துப்போன ஒரு பொம்பளை வெறும் வயிற்றோடு நிற்கிறாள், அவ்வளவுதான் இருந்தது. யாராவது எனக்காக, என்று நினைத்தாள், நினைத்ததும் திடுக்கிட்டது. அந்த நோட்டில் தன் பெயர் இல்லை என்பது இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. யாரிடமும் சொல்லி எழுதவைத்ததும் இல்லை.

ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது. பேச்சித்தாய். லிஃப்ட் கதவை முருகையா கையால் தடுத்துக்கொண்டு நின்றான். பேச்சி வந்த வேகத்தில் சற்குணத்தின் தலையில் கையை வைத்தாள், கொஞ்சம் பலமாகவே விழுந்தது கை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு நொடி முழித்தாள். அப்புறம் பக்கத்து வீட்டு ஆளிடம் சொல்லிவைக்கிற மாதிரி, வேகமாக, "சாமி, இந்த அக்கா பேரு சற்குணம். சாயர்புரம். இவுக வீட்டுக்காரரு உள்ள போறாரு. இவுக காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல, சுகர் வேற இருக்கு. பாத்துக்கோ," என்றாள். சொல்லிவிட்டு, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று யோசித்தாள். "அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்று கையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. சற்குணம் குனிந்த தலையை வெகுநேரம் நிமிர்த்தவில்லை.